ரெண்டு சைக்கிளுக்கு இடம்

அத்தியாயம் 17

அந்த வீட்டில் இன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது ஒரே ஒருவர்தான்.

சைக்கிள் ஷெட் வருகிறது என்று பூட்டுக்காரர் காலையிலேயே முகம் மழித்து, இஸ்திரிச் சட்டை போட்டு, பின்வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். இடது கால் எதிரே ஸ்டூலின் மேல் நீட்டிக் கிடந்தது. கைக்கெட்டும் தூரத்தில் வாக்கர்.

"இன்டர்வியூவுக்குப் போறவர் மாதிரி இருக்கீங்க" என்றாள் மனைவி, டீயை நீட்டியபடி.

"இன்டர்வியூ எனக்கு இல்ல மில்லி, வர்ற ஷெட்டுக்கு. கீல், கொண்டி, போல்ட் எல்லாத்தையும் நிக்க வச்சுக் கேள்வி கேட்கப் போறேன்."

மில்லி அவள் சொந்தப் பெயர் இல்லை. கண்ணாடிக்கடையில் வேலை பார்ப்பவள். வருகிறவர்களின் ஒரு கருவிழிக்கும் இன்னொரு கருவிழிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து, அதற்குத் தக்கபடி கண்ணாடி பொருத்துவது அவள் வேலை. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடும் என்று கல்யாணமான புதிதில் புருஷனிடம் பெருமையடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவருக்கு அவள் மில்லி. இப்போது தெருவுக்கே மில்லி.

சமையலறைக்குத் திரும்பி வந்தவள் ஸ்டவ்வின் முன்னால் வெறுமனே நின்றாள். ஷெட் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். அதற்குள் சொல்லாவிட்டால் அந்தத் தகரமே சொல்லிவிடும்.

சொல்ல வேண்டியது இதுதான். போன மாதம் ஆஸ்பத்திரியில், அவரை உள்ளே ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் இவளை மட்டும் வராந்தாவுக்கு அழைத்து, முழங்காலுக்குக் கீழே செத்துப்போன நரம்பு இனி திரும்பாது என்றார். "காலுக்குத் தாங்கி மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள நடக்கலாம்மா. சைக்கிள், ஏணி எல்லாத்தையும் மறந்துடணும். நீங்களே பக்குவமாச் சொல்லி வைங்க. அடுத்த தடவை வரும்போது நான் விளக்கமாப் பேசறேன்."

பக்குவம் பார்த்துப் பார்த்தே மாதம் ஓடிவிட்டது. டாக்டர் சொன்ன அந்த அடுத்த தடவை, வருகிற வாரம்.

லாரி இடித்தபோது அவருக்குத்தான் அடி. சைக்கிளுக்கு மட்கார்டு நசுங்கியதோடு சரி. பின்சீட்டில் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, சாவி தொலைந்து வாசலில் தவிக்கிறவர்களின் வீடு வீடாகப் போய்க் கதவு திறந்துவிட்ட மனிதர். அந்த சைக்கிள் இன்னும் வாசல் நடையில் நிற்கிறது. தினமும் ஒரு தடவையாவது அதன் சீட்டைத் தட்டிக்கொடுக்காமல் அவர் வாக்கர் நகராது.

நடையில் மூன்று சைக்கிளும் நின்றால் வாக்கருக்கு வழி இல்லை என்பதால், மில்லியின் சைக்கிளையும் மகள் வாலுவின் சைக்கிளையும் கொல்லைப்புறத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். முதல் மழையில் செயின் இரண்டும் துருவேறின. இரண்டாவது மழை முடிந்த காலையில் மகளின் சைக்கிளையே காணோம்.

"தார்ப்பாயை அழகா மடிச்சு வச்சுட்டுப் போயிருக்கான். வீட்டுல நல்லா வளர்த்திருக்காங்க" என்று அன்றைக்கும் சிரித்தவர் பூட்டுக்காரர்தான்.

அவளுக்கு வேறு சைக்கிள் வாங்கிய பிறகுதான் ஷெட் பேச்சு. படுக்கையில் இருந்தபடியே அவர் எல்லாவற்றையும் தீர்மானித்தார். துணிக் கூடாரம் வேண்டாம், ஒரு பிளேடு போதும். மரம் வேண்டாம், மழையில் உப்பினால் திறந்த கதவு சாத்தாது, சாத்தின கதவு திறக்காது. தகரம்தான். ஆனால் தகரம் ராத்திரியில் வேர்க்கும், உள்ளே காற்று ஓட மேலே சந்து வேண்டும். கூரைச் சரிவு வீட்டுச் சுவர்ப் பக்கம் இருக்கக் கூடாது. கொத்தனாரை வரவழைத்து, தண்ணீர் தேங்காத உயரத்தில் சிமென்ட் தளம் போடச் செய்து, அதில் சைக்கிளைக் கட்ட இரும்பு வளையமும் பதிக்க வைத்தார். மூன்று சைக்கிள் தாராளமாக நிற்கும் தளம்.

கடைக்குப் போய் ஷெட்டைப் பார்த்து எடுக்க வேண்டியது மட்டும் மில்லியின் வேலை.

"எத்தனை சைக்கிள்?" என்று கேட்டார் விற்பனையாளர்.

"ரெண்டு."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. "ரெண்டுதானே?" என்று அவர் இன்னொரு முறை கேட்டார். வாய் தவறியதைத் திருத்திக்கொள்ள அந்த ஒரு கேள்வி போதும். மில்லி தலையை ஆட்டினாள்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் பின்வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு, நான் முதல்ல சொல்லிடறேன். பூட்டுக்கடை முதலாளி கூப்பிட்ட வேலைக்கு இன்னைக்குப் பதில் சொல்லியாகணும். முடியாதுன்னு சொல்லிடப் போறேன்."

"எதுக்கு அவசரப்படறீங்க? உட்கார்ந்து பார்க்கிற வேலை. அவரே தேடி வந்து கேட்கிறார்."

"அதான் எனக்குப் பிடிக்கல. கவுண்டருக்குப் பின்னால குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து நாள் முழுக்கச் சாவி அறுக்கணும். இந்த மழை முடியறதுக்குள்ள நான் ரோட்டுல இருப்பேன் மில்லி. இப்ப ஒத்துக்கிட்டு, அப்புறம் நடுவுல விட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்? பாவம், அந்த மனுஷன் வேற ஆளையாவது பார்த்துக்கட்டும்."

அந்த மனுஷன் வேறு ஆள் பார்க்காமல் பொறுத்திருப்பதற்குக் காரணம் மில்லி. போன சனிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் பூட்டுக்கடையில் இறங்கி, கால் விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டிருந்தாள். புருஷனுக்கே இன்னும் தெரியாது, ஒரு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்திருந்தாள். பெற்ற மகளிடம்கூடச் சொல்லாததை மூன்றாம் மனிதரிடம் சொன்னாள்.

"நீ ஏதோ சொல்ல வந்தியே?"

"டாக்டர் என்ன சொன்னார்னா..."

தெருவில் வேன் ஹாரன் அடித்தது.

"வந்துட்டான்!" என்று சின்னப் பையன் மாதிரிக் கையைத் தட்டினார் அவர். "போ, போ, கேட்டைத் திற. அப்புறம் பேசிக்கலாம்."

மில்லி போனாள். அவர் குரல் அத்தனை சந்தோஷமாக இருந்தது. அதன் மேல் கல்லைப் போட அவளுக்குக் கை வரவில்லை.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஒல்லி. இன்னொருவர் மீசைக்காரர், வாய் ஓயாதவர். தகரப் பலகைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு அடிச்சட்டத்தைப் பூட்ட ஆரம்பித்தார்கள்.

"தம்பி, அந்தக் கீலைக் காட்டுங்க" என்றார் பூட்டுக்காரர்.

மீசைக்காரர் கொண்டுவந்து காட்டினார்.

"கதவைச் சாத்தினா திருகு வெளியில தெரியுமா?"

"தெரியாது சார், உள்ளே போயிடும்."

"பேஷ். திருட வர்றவன் பூட்டைத் தொடவே மாட்டான். கீல் பக்கம் கழட்டிக் கதவையே தூக்கிடுவான். போல்ட் எப்படி?"

"வெளிப்பக்கம் மொழுமொழுன்னு இருக்கும் சார். ஸ்பேனர் பிடிக்காது. நட்டு எல்லாம் உள்பக்கம்."

"நம்ம தலை மாதிரின்னு சொல்லுங்க" என்று தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார் பூட்டுக்காரர். மூன்று ஆண்களும் சிரித்தார்கள். அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் மில்லி நின்றாள், சிரிப்பு எப்போது நிற்கும் என்று காத்துக்கொண்டு.

ஒல்லி மனிதர் அடிச்சட்டத்தைத் தூக்கிச் சிமென்ட் தளத்தில் வைத்தார். சக்கரம் நிற்பதற்கான தடங்கள் அதிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தன. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. அதோடு சட்டம் முடிந்துவிட்டது. தளத்தின் ஓரத்தில், ஒரு சைக்கிள் அகலத்துக்கு வெறும் சிமென்ட் மிஞ்சியது.

"மீதி எங்கே?" என்றார் பூட்டுக்காரர்.

"மீதியா? இவ்வளவுதான் சார்."

"இது ரெண்டு சைக்கிளுக்குத்தானே தம்பி ஆகும்?"

"ரெண்டு சைக்கிள் மாடல்தான் சார். அம்மாதான் வந்து சொல்லிட்டுப் போனாங்க."

மில்லி வெளியே வந்துவிட்டாள். எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "அளவு தப்பாயிடுச்சுங்க. நான்தான் கவனிக்காம..."

பூட்டுக்காரர் அவளைப் பார்த்தார். முதலில் ஒன்றும் புரியாதவர் போலத்தான் பார்த்தார்.

"ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா" என்றார் மீசைக்காரர். "மூணு சைக்கிள் மாடல் குடோன்ல இருக்கு. இதை ஏத்திக்கிட்டுப் போய் அதைக் கொண்டாந்துடறோம். என்ன சார், மாத்திடலாமா?"

மில்லியின் முகத்திலிருந்து பூட்டுக்காரரின் கண் மெல்ல இறங்கியது. மிஞ்சிய சிமென்ட் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு ஸ்டூலின் மேல் கிடந்த தன் காலுக்கு வந்து சேர்ந்தது.

"வேண்டாம் தம்பி" என்றார் கடைசியில். "எங்க வீட்டம்மா அளவு தப்பவே தப்பாது. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க மாட்டுங்க."

"என்னங்க..."

"வேலை நடக்குது. உள்ளே போ."

அதன் பிறகு நடந்ததுதான் மில்லிக்குத் தாங்கவில்லை. கத்தியிருந்தால் அவள் அழுதிருப்பாள், எதையாவது தூக்கி எறிந்திருந்தால் பொறுக்கியிருப்பாள். அவர் அசையாமல் உட்கார்ந்து கடைசி போல்ட் வரைக்கும் பார்த்தார். மேல் சந்தில் பூச்சி நுழையாமல் வலை போடச் சொன்னார். கதவின் அடியில் ரப்பர் பட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கச் சொன்னார். குடத்துத் தண்ணீரைக் கூரையில் ஊற்றி, உள்ளே ஒரு சொட்டுகூட இறங்கவில்லை என்று ஒல்லி மனிதர் கையை விரித்துக் காட்டியதும், "அருமையான வேலை" என்று பாராட்டினார். வந்தவர்களுக்கு டீ கொடுக்கச் சொன்னார். அதையும் ஜன்னலைப் பார்த்துச் சொல்லவில்லை, காற்றைப் பார்த்துச் சொன்னார்.

வேன் போய்விட்டது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"எப்ப சொன்னார்?" என்றார் அவர்.

மில்லி எதை என்று கேட்கவில்லை. "போன மாசம். ஸ்கேன் எடுத்த அன்னைக்கு."

"என்ன சொன்னார்? அவர் வாயால சொன்னதை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே."

சொன்னாள். தாங்கி, ஏணி, சைக்கிள், செத்த நரம்பு. ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் தலையை லேசாக ஆட்டிக்கொண்டார்.

"ஒரு மாசம்" என்றார். "காலையிலும் சாயங்காலமும் இந்தக் காலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். நீ பக்கத்துல நின்னே. இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு சொன்னே. நேத்து உயிர் போற மாதிரி வலிச்சப்போகூடச் சொன்னே."

"உங்க மனசு உடைஞ்சுடும்னு பயந்தேன்."

"உடையட்டுமே. என் மனசுதானே?"

மில்லி அவர் காலடியில் படியில் உட்கார்ந்தாள். "காலையில சொல்லத்தான் வந்தேன். சத்தியமா."

"வந்தே. வேன் வந்துச்சு, போயிட்டே. அதுக்கு முன்னால முப்பது காலை இருந்துச்சே மில்லி, எல்லாத்துக்குமா வேன் வந்துச்சு?"

அவள் படியில் விழுந்து கிடந்த ஒரு நட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

யோசிக்காமலே வந்துவிட்டது. அன்றைக்கு 'ரெண்டு' வந்த மாதிரியே. அவள் திடுக்கிட்டு வாயைத் திறக்கப் போனாள்.

"வாலுவுக்குக்கூடவா?"

"வாலுவுக்குத் தெரியாது. அவகிட்டச் சொல்லல."

இது உண்மை. அதனாலோ என்னவோ, முதல் பொய்யைத் திருப்பி எடுக்க முடியாமல் இது அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சில் சின்ன ஆறுதல் இருந்ததை மில்லி பார்த்தாள். ஊருக்கெல்லாம் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல் போகவில்லை என்கிற ஆறுதல்.

"நான் பெரிய ஆளாயிட்டேன் போல, என் சைக்கிளுக்கு ஷெட் எல்லாம் வாங்கறீங்களே!" என்று கத்திக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள் வாலு. பத்தொன்பது வயது. நாய் பூனை ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. உடம்பெல்லாம் நாய் சோப்பு வாசனை. "இன்னைக்கு ஒரு பூனை என் கையைப் பதம் பார்த்துடுச்சுப்பா, இங்க பாருங்க... அய்யோ, இது என்னம்மா, இவ்வளவுதானா? அப்பா வண்டி எங்கே நிக்கும்?"

வாலு அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பூனை கீறிய கையை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"அப்பாவுக்கு இனிமே வண்டி வேண்டாமாம் வாலு" என்றார் பூட்டுக்காரர். "டாக்டர் சொல்லிட்டார். போன மாசமே சொல்லிட்டாராம். எனக்கு இப்பதான் செய்தி வந்துச்சு, தகர வேன்ல."

"அம்மா?"

"உங்கம்மாவை ஒண்ணும் கேட்காதே. கேட்கறதெல்லாம் நான் கேட்டாச்சு." சட்டைப் பையைத் தடவினார். "என் போனை எடு. முதலாளிகிட்டப் பேசிடறேன்."

மில்லி தலையை நிமிர்த்தினாள். "என்ன பேசப் போறீங்க?"

"ஒத்துக்கறேன்னு. வேற என்ன பேச? காலையில முடியாதுன்னு சொல்லியிருந்தா இந்த வேலையும் போயிருக்கும். அதைக்கூட நீ யோசிக்கல, பார்த்தியா."

அதைத்தான் அவள் யோசித்தாள். அதை மட்டும்தான் ஒரு வாரமாக யோசித்தாள். இந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கித்தான் பூட்டுக்கடைப் படி ஏறினாள். அந்த வார்த்தை இப்போது வந்துவிட்டது.

"நான் பேசறேங்க. நீங்க களைப்பா இருக்கீங்க. நாளைக்கு நேர்லயே போய்ச் சொல்லிக்கலாமே..."

"இன்னைக்குத்தான் கடைசி."

"ஒரு நிமிஷம். உங்ககிட்ட நான்..."

வாலு எடுத்துக் கொடுத்த போனில் அதற்குள் ரிங் போய்க்கொண்டிருந்தது. கையில் எந்நேரமும் வேலை இருந்த மனிதர், ஸ்பீக்கரில் போட்டே பேசிப் பழகியவர். போனைத் தொடைமேல் வைத்தார்.

"சொல்லுங்க தம்பி!" என்றது முதலாளியின் கனத்த குரல்.

"வணக்கம் முதலாளி. அந்த வேலைக்கு வந்துடறேன்னு சொல்லத்தான்..."

"அப்பாடா! வீட்டுல சொல்லிட்டாங்களா உங்ககிட்ட? ரொம்ப நல்லதாப் போச்சு தம்பி. மனசை விட்டுடாதீங்க. கால் போனா என்ன, கை இருக்கு இல்ல? அன்னைக்கு அந்த அம்மா கடையில வந்து நின்னு அழுதது என்னால தாங்க முடியல. அவருக்கே தெரியாது, நீங்களும் காட்டிக்காதீங்கன்னாங்க. நேத்துக்கூட உங்ககிட்டப் பேசறப்போ என் வாயைக் கட்டிக்கிட்டு இருக்க நான் பட்ட பாடு... தம்பி? லைன்ல இருக்கீங்களா?"

மழையின் முதல் துளிகள் புதுத் தகரத்தில் விழுந்தன.

"இருக்கேன் முதலாளி" என்றார் பூட்டுக்காரர். "திங்கக்கிழமை வந்துடறேன்."

போனை அணைத்து, மகளிடம் நீட்டினார். கோபம் இருக்கும் என்று நினைத்து மில்லி அவர் முகத்தைத் தேடினாள். கோபம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டுக் கதவைத் திறந்து கொடுத்துவிட்டுத் திரும்பும்போது இருக்கும் முகம் அது. மரியாதையான முகம். அதில் அவளுக்கு ஒன்றும் இல்லை.

"அம்மா, எங்கிட்டக்கூடச் சொல்லாம, கடைக்காரர்கிட்டப் போய்..." என்றாள் வாலு, போனை வாங்கிக்கொண்டே.

"விடு வாலு. நனையறே பார். ரெண்டு சைக்கிளையும் உள்ளே வச்சுப் பூட்டு." வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மில்லி ஓடிப்போய் அவர் முழங்கையைத் தாங்கினாள். அவர் உதறவில்லை. அவள் தானாகக் கையை எடுக்கும் வரை, அசையாமல் நின்று காத்திருந்தார்.

அவள் எடுத்தாள்.

"வர்ற வாரம் டாக்டரைப் பார்க்கணும்" என்றார் மகளிடம். "லீவு சொல்லிட்டு நீ என்கூட வா."

வாலு அம்மாவைப் பார்த்தாள். "அம்மா வரலையா?"

"அம்மாவுக்குக் கடை இருக்கு" என்றார் பூட்டுக்காரர். கதவுச் சட்டத்தைப் பிடித்து, செத்த காலை வாசற்படிக்கு மேலே ஏற்றுவதில் மும்முரமானார்.